பண்டிகைக்கு ஆடும் பொம்மை: மோட்டார் வேலையும் நம் கைவேலைதான்



விநாயகர் சதுர்த்திப் பந்தலில் கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்யும் பிள்ளையாரைப் பார்த்திருப்போம். கிறிஸ்துமஸ் குடிலில் தலையாட்டும் ஆட்டுக்குட்டியைப் பார்த்திருப்போம். சில வீட்டுக் கொலுவில் கிருஷ்ணர் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருக்கும். நூறு பொம்மை இருந்தாலும் பிள்ளைகள் போய் நிற்பது ஆடுகிற அந்த ஒரு பொம்மைக்கு முன்னால்தான். பெரியவர்களும் அப்படித்தான், வெளியே சொல்லமாட்டோம்.

நம் குழுக்களில் பொம்மை செய்யத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் உண்டு. காகிதக் கூழில் செய்வார்கள், களிமண்ணில் செய்வார்கள், துணியில் தைப்பார்கள். ஆனால் அதை ஆட வைப்பது என்று வந்ததும் கை நின்றுவிடுகிறது. "அது மோட்டார் வேலைங்க, நமக்கு எதுக்கு" என்கிறோம். வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிடுகிறோம். நாம் பத்து நாள் உட்கார்ந்து செய்த பொம்மைக்கு அவர் அரை நாளில் மோட்டார் மாட்டிவிட்டுப் போகிறார். வந்த பணத்தில் பாதி அவருக்குப் போய்விடுகிறது. அடுத்த வருஷம் அது நின்றுபோனால் மறுபடியும் அவரைத்தான் தேட வேண்டும்.

இந்த இதழின் பாடம் அந்த அரை நாள் வேலையைப் பற்றியது. குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். காலால் மிதிக்கும் தையல் மெஷின் உள்ள வீட்டில் கூட்டம் போட்டால் இன்னும் நல்லது.

மெஷினைக் கொஞ்சம் பாருங்கள்

தையல் மெஷினில் நாம் மிதிப்பலகையை மேலும் கீழும் மிதிக்கிறோம். பலகை சுற்றுவதில்லை, ஆடுகிறது. ஆனால் கீழே உள்ள பெரிய சக்கரம் சுற்றுகிறது. ஆட்டத்தைச் சுற்றாக மாற்றுவது எது? பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நிற்கும் ஒற்றைக் கம்பி. அந்தக் கம்பியின் மேல்முனை சக்கரத்தின் நடுவில் மாட்டியிருக்காது, நடுவை விட்டு இரண்டு விரல் தள்ளி மாட்டியிருக்கும். ரகசியம் அவ்வளவுதான்.

இப்போது காலை எடுத்துவிட்டு மேலே உள்ள கைச்சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். பெல்ட் கீழ்ச்சக்கரத்தைச் சுற்றும். கீழே மிதிப்பலகை யாரும் மிதிக்காமலே மேலும் கீழும் ஆடும். சக்கரம் சுற்றுகிறது, பலகை ஆடுகிறது. சக்கரத்தைச் சுற்ற நம் கைக்குப் பதிலாக ஒரு மோட்டாரை வையுங்கள். பலகைக்குப் பதிலாகப் பொம்மையின் கையையோ தலையையோ வையுங்கள். ஆடும் பொம்மை வந்துவிட்டது.

இதே வேலையைப் பல இடத்தில் பார்க்கலாம். பழைய டேபிள் ஃபேன் தலையைத் திருப்பித் திருப்பிக் காற்று வீசுகிறதே, அதன் பின்பக்கம் அடியில் இப்படி ஒரு சின்னத் தட்டும் கம்பியும்தான் இருக்கின்றன. மழை நேரத்தில் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரும் அப்படியே. உள்ளே மோட்டார் ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், வெளியே வைப்பர் இடமும் வலமும் போய்வரும்.

வெளிநாட்டில் இதைப் பெரிதாகச் செய்கிறார்கள். 1963-ல் அமெரிக்காவின் டிஸ்னிலாண்டில் பாடும், பேசும் பறவைப் பொம்மைகளை வைத்தே ஒரு காட்சி நடத்தினார்கள். அனிமேட்ரானிக்ஸ் என்று அதற்குப் பெயர். அங்கே அக்டோபர் 31-ல் ஹாலோவீன் என்று ஒரு நாள் கொண்டாடுவார்கள். வீட்டு வாசலில் எழுந்து எழுந்து உட்காரும் பேய்ப்பொம்மைகளைச் சொந்தக் கையாலேயே செய்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அதிகம் தேடி வாங்குவதும் பழைய கார்களின் வைப்பர் மோட்டாரைத்தான்! நம் டவுன் பழைய உதிரிபாகக் கடையில் கிடைக்கும் அதே சாமான்.

முதலில் அட்டையில் செய்யுங்கள்

எடுத்தவுடன் பலகை வெட்டி மோட்டார் வாங்கிவிட வேண்டாம். கெட்டி அட்டையில் ஒரு மாதிரி செய்து பார்த்தால் செலவு மிச்சம்.

நாம் எடுத்துக்கொள்ளும் காட்சி, உரலுக்கு இரண்டு பக்கமும் நின்று மாற்றி மாற்றி உலக்கை போடும் இரண்டு பெண்கள். நம் பாட்டிமார் செய்த வேலை. பார்த்தவுடன் யாருக்கும் புரியும்.

அட்டையில் ஒரு வட்டம் வெட்டுங்கள், அதன் நடுவில் ஒரு குண்டூசி. நடுவிலிருந்து 2 செ.மீ. தள்ளி இன்னொரு துளை போட்டு, அதில் ஒரு நீளமான அட்டைப் பட்டையை மாட்டுங்கள். இதுதான் மெஷினின் மிதிக்கம்பி. வட்டத்தைச் சுற்றினால் பட்டையின் மறுமுனை மொத்தம் 4 செ.மீ. மேலும் கீழும் போய்வரும். எப்போதும் துளை தள்ளியிருக்கும் அளவைப் போல் இரண்டு மடங்கு.

அடுத்து பொம்மையின் கை. தோளில் ஒரு குண்டூசி குத்தி, கை அதில் ஏற்றம் மாதிரி ஆட வேண்டும். தோளுக்கு முன்னால் கை 12 செ.மீ., தோளுக்குப் பின்னால் ஒரு வால் 6 செ.மீ. வட்டத்திலிருந்து வரும் பட்டையை இந்த வாலின் நுனியில் மாட்டுங்கள். வால் இறங்கினால் கை ஏறும், வால் ஏறினால் கை இறங்கும். கை வாலைப் போல் இரண்டு மடங்கு நீளம் என்பதால், வால் 4 செ.மீ. நகர்ந்தால் உலக்கை பிடித்த கை சுமார் 8 செ.மீ. போய்வரும்.

இங்கே ஓர் அளவை மட்டும் எல்லோரும் மனதில் வையுங்கள். வட்டத்தில் துளை தள்ளியிருக்கும் தூரம், வாலின் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வால் 6 செ.மீ. என்றால் துளை 3 செ.மீ.க்குள்தான். ஆசைப்பட்டு அதிகமாகத் தள்ளி வைத்தால் கம்பி ஒரு கட்டத்தில் மடங்கிச் சிக்கிக்கொள்ளும். அட்டையாக இருந்தால் அட்டை கிழியும். மோட்டாராக இருந்தால் சூடேறிக் கருகும்.

இரண்டாவது பெண்ணுக்கு இன்னொரு மோட்டார் வேண்டுமா? வேண்டாம். அதே வட்டத்தில், முதல் துளைக்கு நேர் எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டு, அதிலிருந்து ஒரு பட்டை அடுத்த பொம்மைக்குப் போகட்டும். ஒரு துளை மேலே போகும்போது மற்றது கீழே இருக்கும். ஒருத்தி உலக்கையை ஓங்கும்போது மற்றவள் போடுவாள். ஒரே மோட்டார், இரண்டு பொம்மை, அசல் உரல் வேலை.

அட்டை மாதிரி சிக்காமல் ஆடினால் மரத்துக்குப் போகலாம்.

மரத்தில் செய்வது

இரண்டடி நீளம், முக்கால் அடி உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி வேண்டும். பழைய பலகையே போதும். மோட்டார் உள்ளே இருக்கும், பொம்மைகள் பெட்டியின் மேல் நிற்கும். கம்பிகள் மேலே வருவதற்குப் பெட்டியின் மேல்பலகையில் நீளமான இடைவெளி வெட்டுங்கள். கம்பி சாய்ந்து சாய்ந்து போகும், அதனால் இடைவெளியைத் தாராளமாக விடுங்கள். வட்டத்தைப் பிளைவுட்டில் வெட்டுங்கள். தோள் அச்சுக்கும் இணைப்புக் கம்பிக்கும் சைக்கிள் ஸ்போக்ஸ் நல்லது, மலிவு, துருவும் சீக்கிரம் பிடிக்காது. ஸ்போக்ஸ் சுற்றும் இடத்தில் காலியான பேனா ரீஃபிலை ஒரு துண்டு வெட்டிச் சொருகினால் வழுக்கிக்கொண்டு சுற்றும். எண்ணெய் போடுவதென்றால் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசினாகிவிடும், மார்கழிக் குளிரில் உறைந்தும் போகும்.

மோட்டாரில் இருந்து வரும் தண்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவியிருக்கும். தட்டை அதோடு இணைக்கிற சின்ன இரும்புக் கப்ளிங்கை மோட்டார் வாங்கும் கடையிலேயே கேட்டு வாங்குங்கள். அதன் பக்கவாட்டில் ஒரு ஸ்குரு இருக்கும். அந்த ஸ்குரு தண்டின் தட்டைப் பக்கத்தில் உட்கார வேண்டும். உருண்டைப் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டாம் நாளே வழுக்கும். மோட்டார் சுற்றும், பொம்மை சும்மா நிற்கும். பொம்மை நின்றுபோச்சு என்று ஆளைக் கூப்பிடுவது பல நேரம் இந்த ஒரு ஸ்குருவுக்காகத்தான்.

பொம்மை கனமாக இருக்கக் கூடாது. களிமண் கையை மோட்டார் தூக்கித் தூக்கிக் களைத்துவிடும். அசையும் உறுப்புக்குக் காகிதக் கூழ்தான் சரி. பழைய செய்தித்தாளைக் கிழித்து ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்துக் கூடை செய்த பழக்கம் நம் வீடுகளில் இருந்ததுதானே, அதே கூழ். ஒட்டுவதற்கு மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவார்கள். அது விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, பிள்ளைகள் கைக்கு எட்டக் கூடாது. கை இன்னும் கனமாகத் தெரிந்தால் வாலின் நுனியில் கொஞ்சம் களிமண் உருண்டை வையுங்கள். தராசு மாதிரி இரண்டு பக்கமும் சமமானால் மோட்டாருக்குப் பாரமே தெரியாது.

காயவைக்க நாள் வேண்டும். புரட்டாசியில் ஆரம்பித்தால் மழை பிடித்துக்கொள்ளும். ஆடியிலேயே கூழ் வேலையை முடித்துவிடுங்கள். வண்ணம் பூசி, மேலே வார்னிஷ் ஒரு கை அடித்தால் ஐப்பசி ஈரத்தையும் தாங்கும்.

எந்த மோட்டார்?

கடையில் 12 வோல்ட் கியர் மோட்டார் என்று கேளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அதில் எழுதியிருக்கும். இதுதான் முக்கியம். உலக்கை போடும் பெண்களுக்கு 30 சுற்று மோட்டார். ஒவ்வொருத்தியும் இரண்டு விநாடிக்கு ஒரு குத்து, இருவரும் சேர்ந்து விநாடிக்கு ஒரு குத்து. நிஜமாகவே அந்தத் தாளத்தில்தான் குத்துவோம். தொட்டிலாட்டும் அம்மாவுக்கும் தலையாட்டும் பாட்டிக்கும் 10 சுற்று, அதாவது ஆறு விநாடிக்கு ஒரு ஆட்டம். 60, 100 என்று வாங்கிவிட்டால் பாட்டிக்குச் சாமி வந்த மாதிரி ஆகிவிடும்.

இரண்டடிக்குள் இருக்கும் பொம்மைகளுக்கு இந்தச் சின்ன மோட்டார் போதும். பந்தலில் வைக்கும் ஆள் உயரப் பொம்மைக்குத்தான் வைப்பர் மோட்டார். அதற்குப் பலம் அதிகம், அது இழுக்கும் மின்சாரமும் அதிகம்.

கரண்ட் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்

நம் பெட்டிக்குள் 12 வோல்ட்டுக்கு மேல் எதுவும் நுழையக் கூடாது. இது எங்கள் கண்டிப்பான முடிவு. சுவரில் வரும் 230 வோல்ட் அடாப்டரோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து மெல்லிய வயர் மட்டும் பெட்டிக்கு வரட்டும். பழைய ஃபேன் மோட்டாரையும் மைக்ரோவேவ் அடுப்பின் தட்டு சுற்றும் மோட்டாரையும் கழற்றி மாட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். அவை பெரும்பாலும் நேரடியாக 230 வோல்ட்டில் ஓடுபவை. காகிதம், துணி, ஈரத்தரை, ஓடி வரும் குழந்தை, இத்தனைக்கும் நடுவில் அது வேண்டவே வேண்டாம்.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் தீ பிடிக்கும். வைப்பர் மோட்டாரை வண்டி பேட்டரியில் ஓட்டினால் பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் போட்டாக வேண்டும். வயர் ஒன்றோடொன்று உரசினாலும் ஃபியூஸ் போகும், பந்தல் போகாது. மோட்டாரின் மேல் அடிக்கடி கை வைத்துப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு எங்கே சிக்குகிறது என்று தேடுங்கள். குழந்தை விரலை விட்டாலும் நசுங்காதபடி, கம்பியும் வாலும் சேருமிடத்தில் இரும்புக் கம்பியால் முறுக்காமல் சைக்கிள் டியூப் பட்டையால் கட்டுங்கள். தடை வந்தால் ரப்பர் இழுபடும், விரல் தப்பும். கொலு விளக்கிலிருந்து பெட்டியைத் தள்ளியே வையுங்கள்.

பந்தலுக்குக் கொடுக்கும்போது மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கியிருக்கிறார்களா, கசிவு வந்தால் தானாக அணையும் சுவிட்ச் போட்டிருக்கிறார்களா என்று கேட்ட பிறகே பெட்டியை இறக்குங்கள். கம்பத்தில் கொக்கி போடுவது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி குற்றம். அதைவிட, ஈரக்கையோடு நிற்கும் யாரோ ஒருவரின் உயிர். கொக்கி என்று தெரிந்தால் வாடகை போனாலும் பரவாயில்லை, பெட்டியைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

கரண்ட் பில் ஏறுமே என்று வீட்டுக்காரர்கள் கேட்பார்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் 12 வாட். தினம் 5 மணி நேரம், நவராத்திரி ஒன்பது நாள், எல்லாம் சேர்த்து 540. அரை யூனிட் சொச்சம்தான்.

எதை ஆட்டுவது, எதை ஆட்டக் கூடாது

கலசத்தையும் மரப்பாச்சியையும் ஆட வைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பல வீடுகளில் மனம் கோணும். கொலுப் படிகளுக்குக் கீழே தரையில் பூங்கா, கிராமம், சந்தை என்று அமைப்பார்களே, ஆடும் பொம்மைக்கு இடம் அங்கேதான். குடிலிலும் குழந்தை இயேசுவை விட்டுவிட்டு ஆட்டுக்குட்டியின் தலையை, இடையனின் கையை, மேலே தொங்கும் நட்சத்திரத்தை ஆட்டுங்கள்.

அழகான கொலுப் பொம்மைக்குக் காஞ்சிபுரம், பண்ருட்டி என்று பேர் பெற்ற ஊர்கள் உண்டு. மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியில் கொலுப் பொம்மையும் செய்கிறார்கள், கிறிஸ்துமஸ் குடில் செட்டும் செய்கிறார்கள். அவர்களோடு முகத்தழகில் போட்டி போட்டு நாம் ஜெயிக்க முடியாது, தேவையும் இல்லை. நம் ஊர்க் காட்சியும் அசைவும்தான் நம் சரக்கு. களை எடுப்பது, மாவாட்டுவது, ஆட்டுக்குத் தழை போடுவது, கைப்பம்பில் தண்ணீர் அடிப்பது. கைப்பம்பின் கைப்பிடி இந்தப் பாடத்துக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது!

மோட்டாருக்குப் பணம் இல்லாத குழு தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் மின்சாரமே கிடையாது. தலை தனியாக ஒரு கம்பி முனையில் உட்கார்ந்திருக்கும், காற்றுப் பட்டாலே ஆடும். காகிதக் கூழில் தலை செய்து, கழுத்துக்குக் கீழே உடம்புக்குள் ஒரு கனத்தைத் தொங்கவிட்டு, ஸ்போக்ஸ் மேல் உட்கார வைத்தால் ஒரு தட்டுக்குச் சில நிமிடம் தலையாட்டும். நம் முதல் சரக்காக அதுவே இருக்கலாம்.

விற்பதா, வாடகைக்கு விடுவதா?

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலையெல்லாம் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார், அடாப்டர், பலகை, வண்ணம் சேர்த்து பொருள் செலவு 1,500 ரூபாய். நான்கு பேர் மூன்று நாள் வேலை. இதை 3,000 ரூபாய்க்கு விற்றால் "1,500 லாபம்" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுவோம். அது லாபம் இல்லை. நாலு பேர் மூன்று நாள் என்றால் 12 ஆள்நாள். நாளுக்கு 300 ரூபாய் கூலி வைத்தாலும் 3,600. பெட்டியின் அடக்கம் 5,100 ரூபாய். 3,000-க்கு விற்றவர்கள் 2,100 ரூபாய் உழைப்பைச் சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து செய்த வேலை என்பதால் அதற்குக் கூலி கிடையாது என்று யார் சொன்னது? வெளியாள் அரை நாளுக்குக் கேட்டதை நாம் கொடுத்தோமே.

5,100 கொடுத்து வாங்க ஆள் குறைவு என்பதும் உண்மை. அதனால் வாடகையே மேல் என்று எங்களுக்குப் படுகிறது. உள்ளே இருக்கும் மோட்டாரும் வட்டமும் மாறாது, மேலே நிற்கும் பொம்மைதான் மாறும். கிருஷ்ண ஜெயந்திக்குத் தொட்டில், சதுர்த்திக்குப் பிள்ளையாரின் மூஞ்சூறு, நவராத்திரிக்கு உரல் பெண்கள், கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்குட்டி, பொங்கலுக்குத் தலையாட்டும் மாடு. ஐந்து முறை, முறைக்கு 800 ரூபாய் வைத்தால் வருஷத்துக்கு 4,000. ரிப்பேருக்கு 400 ஒதுக்கினால் 3,600. இரண்டாம் வருஷத்துக்குள் அடக்கம் திரும்பி, 2,100 கையில் நிற்கும். பெட்டியும் நம்மிடமே இருக்கும். மாற்றுப் பொம்மைகளின் கூலியை அந்தந்தப் பண்டிகைக் கணக்கில் தனியாக எழுதுங்கள். வண்டிச் சத்தமும் வாடகையில் சேராது.

முதல் பெட்டிக்குக் கடன் வாங்க வேண்டாம். குழுச் சேமிப்பில் பொருள் செலவுக்கு மட்டும் தீர்மானம் போட்டு எடுங்கள். ஒரு பண்டிகை ஓடிய பிறகு இரண்டாவது பெட்டிக்கு உள்கடன் பேசலாம். வேலை செய்தவர் பெயரும் நாளும் அன்றன்றே நோட்டில் ஏற வேண்டும். பிறகு யாரும் "நான்தான் அதிகம் செஞ்சேன்" என்று மனம் வருந்த இடமிருக்காது.

வாடகைக்குக் கொடுக்கும்போது பாதிப் பணம் முன்பணமாக வாங்கி, ரசீது கொடுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்பதையும் ரசீதிலேயே எழுதுங்கள். ஓட்டிக் காட்டிக் கொடுத்து, ஓட்டிப் பார்த்தே திரும்ப வாங்குங்கள். பெட்டியோடு போகும் சகோதரி கையில் ஒரு ஸ்குரு டிரைவர், நாலு டியூப் பட்டை, ஒரு ஃபியூஸ் இருக்கட்டும்.

பொங்கல் முடிந்து பெட்டி வீடு திரும்பியதும் பொம்மையைக் கழற்றி, பழைய வேட்டியில் சுற்றித் தனியாக வையுங்கள். ரப்பர் பட்டைகளை அவிழ்த்துவிடுங்கள், இழுத்துக் கட்டியபடியே விட்டால் ஆடிக்குள் பிசுபிசுத்து அறுந்துவிடும். கம்பிகளுக்கு எண்ணெய் ஒரு சொட்டு. எலி வயரைக் கடிக்காமல் பெட்டியைப் பரண்மேல் ஏற்றி, மாதம் ஒருமுறை குழுக் கூட்டத்தன்று இறக்கி ஐந்து நிமிடம் ஓட விடுங்கள்.